ஆயிரம் வருஷக்காரர்களின் "பார்க்கலாம்"

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல மாடிப்படி ஏறச் சொன்னால் வருகிறது, டிவி பார்க்கும்போது வருவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்து எதையாவது துடைக்கத் தோன்றுகிறது, துடைத்த அலமாரியையே திரும்பத் துடைக்கிறேன் என்று அப்பா சிரிக்கிறார். இதைக் கண் ஆஸ்பத்திரியில் என் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், நடுநடுவே யாராவது வந்து இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள், எழுத்து கோணல்மாணலாகப் போனால் அதுதான் காரணம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் என் வாய்க்குப் பழகின அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களே, அந்தக் குழந்தைகள் காப்பகத்துக் குட்டி, அதை உங்கள் பிள்ளையாகவே வீட்டுக்குக் கூட்டிவரட்டுமா என்று கேட்டாய். அம்மா நீ மனசாரச் சரின்னு சொன்னாத்தான் நான் அடுத்த அடி வைப்பேன் என்று வேறு சொல்லிவிட்டாய். அந்த "மனசார"தான் என்னைப் போட்டுப் பிசைகிறது. நான் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாசமும் கேட்டாய், அப்போதும் பார்க்கலாம் என்றேன். பிறகு போட்டோ அனுப்பினாய், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு கேமராவை முறைக்கிறது. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நீ பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று.

இப்போது அந்த விளையாட்டுக்கு வருகிறேன், வராமல் இதைச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து நாம் நாலு பேரும் வீடியோ காலில் ஆளுக்கு ஒரு வேஷம் கட்டிப் பேசுகிற விளையாட்டு, நீ கதை சொல்லுவாய், பகடை உருட்டுவாய். அப்பா கோடரி வைத்த குள்ளர், மாப்பிள்ளை ஊர் ஊராகப் போகிற வியாபாரி, என்னை எல்ஃப் என்கிற கூர்க்காதுக் காட்டுச் சனத்தில் ஒருத்தி ஆக்கினாய், காது அவளுக்கு ஏற்கெனவே கூர்மைதான் நாலு வீடு தள்ளிப் பேசறதே கேட்கும் என்று அப்பா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். முதல் வாரமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் வருஷம் உயிரோடு இருக்கிற சனம் எப்போது பார்த்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டும் அம்பு விட்டுக்கொண்டும் இருந்தால் பாத்திரம் யாரடி கழுவுவது என்று கேட்டேன். அப்படின்னா நீயே சொல்லும்மா அவங்க எப்படி இருப்பாங்கன்னு, நீதான் அவங்க சபைத் தலைவி என்று என் தலையிலேயே கட்டிவிட்டாய். நானும் விடவில்லை. காய் நறுக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அதே யோசனை. ஆயிரம் வருஷம் வாழ்கிறவர்கள் நம்மைப் போலப் பெற்றுக்கொண்டே போனால் காட்டில் நிற்க இடம் இருக்காது, அதனால் நூறு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதிகம். பிறந்ததை ஊரே தூக்கி வளர்க்கும், ஊரே அதட்டும், பாவம் அது எந்த மரத்தில் ஏறி ஒளிந்தாலும் ஓர் அத்தை பார்த்துவிடுவாள். ஒரு வேலையும் காலியாகாது, தலைமைச் சமையல்காரி நானூறு வருஷமாக அவளேதான், கூட இருக்கிறவள் முந்நூறு வருஷமாக வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருப்பாள், இங்கே எங்கள் பெரிய டாக்டர் தன் மகன் கையில் இன்னும் டார்ச் லைட்டைக் கொடுக்காமல் இருக்கிற மாதிரி. கல்யாணத்துக்கு நூறு வருஷத்துக்கு ஒரு தடவை மறு ஓட்டு வைத்தேன், அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தா நான் எப்பவோ தப்பிச்சிருப்பேன் என்றார் அப்பா. நூறு வருஷம் யார் உங்களுக்குக் காபி போட்டிருப்பார்கள் என்று கேட்டேன்.

எல்லாவற்றையும்விட நான் பெருமைப்பட்டது சபைச் சட்டத்துக்குத்தான். அவர்களுக்குள் சண்டை வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் எண்ணூறு வருஷம் அதே முகத்தை ஓடைக்கரையில் பார்த்தாக வேண்டும். அதனால் சபையில் யாரும் முடியாது என்று சொல்லவே கூடாது. மனசு இல்லையென்றால் பார்க்கலாம் என்று சொல்லலாம், ஒருத்தர் சொன்னாலும் போதும், விஷயம் அடுத்த சபைக்குப் போய்விடும். சபை கூடுவது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, அவர்களுக்கு அது நம் மாசாந்திரக் கூட்டம் மாதிரி. அத்தை, நான் விளையாடினதுலயே இந்த ஊருதான் நிஜ ஊரு மாதிரி இருக்கு என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை, மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூடச் சொன்னேன், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்புறம்தான் நீ அந்த மனுஷக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டு எல்லையில் நிறுத்தினாய். அப்பா அம்மா இல்லை, காவல்காரன் தன் குடிசையில் உட்காரவைத்திருக்கிறான், உள்ளே விடலாமா என்று சபையைக் கேட்கிறான். நான் தலைவி இல்லையா, யோசித்தேன். இதற்குக் கூர்க்காது கிடையாது, மற்றவர்கள் இதைத் தம் பிள்ளையாகப் பார்ப்பார்களா, எழுபது எண்பது வருஷத்தில் செத்துப்போகுமே, பிள்ளையைப் புதைத்துப் பழகாத சனம் அதை எப்படித் தாங்கும் என்று பெரிய பிரசங்கமே செய்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். அடுத்த ஞாயிறும் பார்க்கலாம். அதற்கடுத்த ஞாயிறும். இப்படியே ஆறு ஞாயிறு, ஆறு சபை. குள்ளருக்கு எங்கள் சபையில் ஓட்டு இல்லையென்று அப்பாவுக்கு ஒரே கோபம், லிஃப்ட் மெக்கானிக்காகக் காலம் தள்ளின மனுஷர் இல்லையா, லிஃப்ட் நடுவுல நின்னுபோனா உள்ளே இருக்கிறவன்கிட்ட பார்க்கலாம்னு சொல்ல முடியுமாடி என்று கத்தினார். இது விளையாட்டுங்க, வீட்டைத் தூக்காதீங்க என்று அடக்கிவிட்டேன்.

போன ஞாயிறு எனக்கே மனசு கேட்கவில்லை. சரி, கூப்பிடு அந்தக் குழந்தையை, உள்ளே வரட்டும் என்றேன். நீ பகடையை ஓரமாக வைத்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய், காவல்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு தலை நரைத்த ஓர் அம்மாள் வருகிறாள் என்று. அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, அவள் கைதான் நடுங்குகிறது என்று. நான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கிலேயே இருந்துவிட்டேன் கண்ணு, ஒவ்வொரு பார்க்கலாமுக்கும் பத்து வருஷம் போகும் என்று நான்தானே சட்டம் போட்டேன், அறுபது வருஷத்தில் அந்தக் குழந்தையே கிழவியாகிவிடும் என்று எனக்கே உறைக்கவில்லை. அந்த அம்மாள் சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பரவாயில்லைங்க, நான் வெளியிலேயே உட்கார்ந்துக்கிறேன், பழகிப்போச்சு என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். நெட் போயிடுச்சும்மா என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய், நெட் எங்கேயும் போகவில்லை, நான்தான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றே செய்தாயோ என்று முதலில் உன்மேல் ஆத்திரமாக வந்தது. மறுநாள் மாப்பிள்ளை போன் செய்து, அத்தை அவ வேணும்னு செய்யலை, உங்க சட்டப்படி கணக்குப் போட்டா அப்படித்தான் வந்துச்சு, போனை வெச்சதும் அவளும் அழுதா என்றார். அதைக் கேட்டபிறகு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்தான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரு, ஒரு பெரியவர் வந்து மூன்றாம் முறையாகக் கேட்டார். உட்காருங்க கூப்பிடுவாங்க என்று வாய்வரை வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரையே கேட்டுக்கொண்டு வந்து, ஐயா அரை மணி நேரம் ஆகும், கீழே போய்க் காற்றாட நின்றுவிட்டு வாங்க என்றேன். இதைத்தாம்மா காலையில இருந்து கேட்டுட்டிருக்கேன் என்று போனார்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று நான் இழுத்தடிப்பதாகத்தானே நினைத்தாய்? நம் வீட்டு ஜன்னல் திரையின் நிறத்துக்கே வாய் வலிக்கப் பேசினவர்கள் அவர்கள், அவர்களுக்கு நான் எப்போதடி பயந்தேன். எனக்கு என்மேல்தான் பயம். வேறு யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கும்போது என் கை ஒரு நொடி தயங்கினாலும் அதற்குத் தெரிந்துவிடுமே, குழந்தைகளுக்கு அதெல்லாம் எப்படியோ தெரிந்துவிடும், ஒரு தடவை விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்த பிள்ளைக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் இந்த ஒரு வாரமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? அந்தக் குடிசையில் அதற்கு யார் தலை வாரிவிட்டிருப்பார்கள், காவல்காரனுக்குப் பின்னல் போடத் தெரியுமா, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட்டு அழுதிருக்கும் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காமல் கிடக்கிறேன். இல்லாத பிள்ளை அது! உன் குரலும் ரெண்டு பகடையும் சேர்ந்து உண்டாக்கினது. அதற்கே இந்தப் பாடு படுகிறவள், ஊஞ்சலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிற நிஜப் பிள்ளையைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டா நிற்கப்போகிறேன்?

அதனால் சரி. மனசாரச் சரி. எனக்கு ஒன்றும் ஆயிரம் வருஷம் கொடுத்துவைக்கவில்லை, அந்தக் குட்டிக்கும் இல்லை. அது வீட்டுக்கு வருகிற நாளில் நானும் அங்கே இருப்பேன். மேலாளரிடம் நேற்றே நீண்ட லீவு கேட்டேன், பார்க்கலாம்மா என்றார், அதெல்லாம் ஆகாது இப்பவே சொல்லுங்க என்று அவர் மேஜை முன்னாலேயே நின்றேன், பயந்துபோய்க் கொடுத்துவிட்டார். நீ மட்டும் நான் சொல்வதைக் கேள். அது கொண்டுவருகிற போர்வை எவ்வளவு அழுக்காக இருந்தாலும் உடனே துவைத்துப் போட்டுவிடாதே, அந்த வாசனையில்தான் தூங்கும். முதல் வாரமே சிநேகிதர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டாதே. விளக்கு எரியட்டும் என்றால் எரியட்டும். அம்மா என்று கூப்பிடு என்று கெஞ்சாதே, கூப்பிடும்போது கூப்பிடும், அப்போது அதன் முன்னால் அழுதுவைக்காதே, பாத்ரூமுக்குப் போய் அழு, நான் அப்படித்தான் செய்வேன்.

அப்பாவுக்குச் சபையில் ஓட்டு கொடுத்துவிடு, பத்து வருஷச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. அந்த நரைத்த அம்மாளை மட்டும் தனியாக வெளியில் உட்கார விடாதே. சபை மொத்தமும் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்காரட்டும், இது தலைவி உத்தரவு, இதற்கு யாரும் பார்க்கலாம் சொல்லக் கூடாது.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருங்கள். மறக்காமல் ஒரு காரியம் செய், அடுத்த தடவை அங்கே போகும்போது ஒரு பேப்பரைத் தரையில் வைத்து, அதன்மேல் குட்டியை நிற்கவைத்து, ரெண்டு காலையும் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. நான் வரும்போது செருப்பு வாங்கி வர வேண்டும். இந்த வாரமே எடு கண்ணு, அந்த வயசில் கால் நமக்காக வளராமல் நிற்காது.

இப்படிக்கு,
எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா