'அனீமிகோ' என்று நீ மாற்றிய கடிதம்

கூட்டேரிப்பட்டில் இன்று காலை பேருந்து நின்றதும் அவித்த மல்லாட்டைக் கடலை வாசனை சன்னல் வழியே வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீ ஏறப்போவதில்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது. மூன்று நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது.

நாம் இருவரும் ஸ்பானிய மொழிபெயர்ப்பு செய்துவந்த விழுப்புரம் அலுவலகத்தில் ஒரு கடிதம் காத்திருக்கிறது. ஸ்பெயினில் படிக்கும் திண்டிவனத்துப் பெண்ணைப் பற்றி அவள் அம்மா அங்குள்ள மருத்துவருக்கு எழுதியது. 'மகளுக்கு மனசு சரியில்லை' என்பது முதல் வரி. நேற்று அதைப் படித்ததும் அதற்கு மேல் போகாமல் மூடி வைத்தேன்.

மரக்காணத்துக்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். கூட்டாளி கண்ணெதிரே கடலில் விழுந்து இறந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். ஸ்பெயினில் ஒரு துறைமுக ஊர் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். முன்பும் இப்படி இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டிருந்தார். மரக்காணத்துக்காரரின் மனைவி பதில் எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தார். தன் அப்பா இறந்தபோதும் கணவருக்கு மனசு சரியில்லாமல் இருந்ததாம்.

'மென்தால்' என்று எழுத எனக்குக் கூசியது. ஸ்பானியத்தில் அது சாதாரணச் சொல்தான். நம் தெருவில் 'மென்டல்' என்றால் வசவு. அதனால் 'சீக்கிகோ' என்று போட்டேன், மருத்துவர்கள் எழுதுவதுபோல் இருந்தது. அனுப்பப் போனபோது நீ என் கையைப் பிடித்தாய். சீக்கிகோ என்றால் பழைய மனநோய் என்று எடுத்துக்கொள்வார்கள், 'அனீமிகோ' என்றால் மனம் சோர்ந்திருந்தது என்றுதான் ஆகும், மனைவி எதைச் சொல்கிறார் என்று கேட்டாய்.

"நமக்கு எப்டிடீ தெரியும்?" என்றேன் எரிச்சலாக.

"தெரியலன்னா கேக்கலாம்டீ. அவங்க கீழதான் உக்காந்துகினு இருக்காங்க."

மேலே அழைத்து வந்து, அப்போது சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஆட்களை அடையாளம் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய்.

"எல்லாம் தெரிஞ்சுதுங்க. வலை பின்னிக்கினுதான் இருந்தாரு. பேச்சு மட்டும் கொறஞ்சிபோச்சு. நாப்பது நாள்ல கடலுக்குப் போய்ட்டாரு."

நீ அனீமிகோ என்று மாற்றினாய். மனைவியின் சம்மதத்தோடு இந்த விவரங்களையும் அடியில் சேர்த்தாய்.

நான்கு நாளும் அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சொல்லை மெலிதாக்கி நோயையும் சின்னதாகக் காட்டிவிட்டோமோ? வேண்டிய மருந்தைத் தராமல் விட்டுவிடுவார்களோ? கேட்டால் நீ நகத்தைக் கடித்தாய். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மனைவி சொன்ன விவரங்கள் உதவின, சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஒரு மாதத்தில் மரக்காணத்துக்காரர் ஊர் திரும்பினார். இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகப் பேசுகிறார்.

பதில் வந்த அன்று பேருந்தில் சொன்னாய்: "நானும் பயந்துகினுதான்டீ இருந்தேன். பயம் இல்லன்னா அவங்களக் கேட்டே இருக்க மாட்டேன்."

அதுவரை உன்னைத் துணிச்சல்காரி என்றே நினைத்திருந்தேன்.

இன்று அலுவலகம் வந்ததும் மூன்று சொற்களையும் தாளில் எழுதி வைத்து வெகுநேரம் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. தப்பாக எழுதினால் தடுக்க நீயும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அதை விரட்டப் பார்ப்பேன், இப்போது கூடவே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.