வலிக்காத காலோடு நொண்டியது பற்றி அண்ணனுக்கு

என் அன்பு அண்ணே, மேலே இருக்கிறவர்களையாவது நிம்மதியாக இருக்க விடுகிறாயா?

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். வேறு யாரிடம் கேட்பது? ரத்தம் உறையாத இந்த வியாதி நம் வீட்டில் நம் இரண்டு பேருக்கும்தானே வந்தது.

உன் காலத்தில் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கினால்தான் ஊசி. லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்குக் கம்பளியில் போட்டு உன்னைத் தூக்கிப் போவோம். கடைசித் தடவை வயிற்றுக்குள் கசிந்தது. லொறி பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நீ பேச்சை நிறுத்திவிட்டாய்.

எனக்கு இப்போது வாரம் இரண்டு தடவை ஊசி, வீங்கினாலும் வீங்காவிட்டாலும். பாதி ஆயுள் பஸ்ஸிலேயே போகிறது. ஆனால் எட்டு மாதமாகக் கால் வீங்கவில்லை, அண்ணே. இந்த வருஷம் திருவிழாத் தேரோடு தேயிலைத் தோட்டம் முழுக்கச் சுற்றி வந்தேன், எங்கேயும் உட்காராமல்.

பிசகு என்னவென்றால், தோட்டத்து டிஸ்பென்சரியில் நாம் படித்த பாடம். நடந்து வந்தவனை அங்கே யார் நோயாளி என்றார்கள்? நல்லாத்தானே நடக்குற, வேலைக்குப் போ என்றுதானே விரட்டினார்கள்? அந்தப் பயத்தில், டவுன் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் நான் நொண்ட ஆரம்பித்துவிடுவேன்.

என் பெண்சாதி செல்விக்கு அது ஒரே சிரிப்பு. “போன தடவை வலது காலு, இன்னைக்கு இடது காலு. கூத்துக்காரன்கூட ஒரு காலைத்தாங்க வச்சுக்குவான்.”

போன வாரம் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு ஊசி போட்டும் கால் அப்பிடியேதானே இருக்கு. மருந்தும் தட்டுப்பாடு. வாற மாசத்திலயிருந்து வீங்கினா மட்டும் வாங்கோ.”

சரி என்று தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

இப்போது என்ன செய்வது? நொண்டினால், ஊசி பலிக்கவில்லை என்று குறைப்பார்கள். நேராக நடந்தால், குணமாகிவிட்டது என்று குறைப்பார்களோ? ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் இந்த ஊசியின் வேலை என்பதை எந்தக் காலில் காட்டுவேன்? உனக்கும் இப்படிப் போட்டிருந்தால் என்று நினைக்கத் தொடங்கினால், அதற்குமேல் யோசனை ஓடுவதில்லை.

வியாழக்கிழமை கேட்டிலிருந்து டாக்டரம்மா மேசை வரை நேராக நடந்துபோய், நொண்டியதெல்லாம் பொய் என்று சொல்லிவிடுகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். வீங்கட்டும் என்று காத்திருந்த ஒருவனை எனக்குத் தெரியும் என்றும் சொல்வேன். இது சத்தியம்.

வயதில் உன்னைத் தாண்டிவிட்ட உன் தம்பி,
ராசு