ஏர் ஃப்ரையரில் ஊற்றிய குழம்பு

என் ரெஜினா அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் அழுகைதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக உன்மேல் கோபம் வந்தது. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தினாயே, உன் வீட்டுக்காரருக்கு ஒரு முட்டை வேகவைக்கவாவது சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா?

விஷயத்தைச் சொல்கிறேன். போன மாதம் மாமா அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிவி முன்னால் தூங்கிவிட்டார். பாத்திரம் கருகி, புகை பார்த்துப் பக்கத்து வீட்டார்தான் கதவைத் தட்டி எழுப்பினார்கள். மறுநாளே உன் மகள் ஷீபா பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். "இனிமே தனியா இருக்க வேணாம்பா, என்கூட வந்துடு" என்றாள். மாமா அசையவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்துச் சிநேகிதர்கள் எல்லாரும் ராயபுரம் கல்மண்டபத்தில்தானே இருக்கிறார்கள்? சாயங்கால டீக்கடைப் பேச்சை விட்டால் மனிதர் என்ன ஆவார்? கடைசியில் ஷீபாதான் இறங்கி வந்தாள். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, தானே அணைந்துவிடும் ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கி வைத்தாள். அதில் அவரே சமைத்துச் சாப்பிட்டால் ராயபுரம், இல்லையென்றால் பெங்களூர்.

பாடம் நடத்த நான் போனேன். முதல் பாடத்துக்கே அவர் கேட்டது பன்றி விலா எலும்பு. மிளகுத்தூள், பூண்டு, வினிகர் தடவி ஊறவைக்கச் சொல்லிவிட்டு மாதா கோயில் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தால் சமையல் மேடையெல்லாம் சிவப்பு. வெங்காயம், தக்காளி, இரண்டு டம்ளர் தண்ணீர், எல்லாவற்றையும் ஏர் ஃப்ரையரின் ஓட்டைக் கூடைக்குள் ஊற்றியிருக்கிறார்!

"என்ன மாமா இது?"

"எலும்புன்னா கொழம்புதான? உங்கக்கா என்னிக்குனா எலும்ப வறுத்துப் போட்டிருக்காளா?"

"இது காத்துல வேகற பெட்டி மாமா. தண்ணி ஊத்தக் கூடாது."

"காத்துல துணிதான் காயும் டீச்சரம்மா. கறி எங்கனா வேவுமா?"

எலும்பைக் கழுவித் துடைத்து, மறுபடி மசாலா தடவிப் பெட்டிக்குள் வைத்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் கூடையை இழுத்துப் பார்க்கிறார். இழுத்தால் சூடு நின்றுவிடும். உட்காரவைத்து உதாரணம் சொன்னேன். வகுப்பில் பயறு நடச் சொன்னால், முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற பிள்ளையின் பயறு மட்டும் முளைக்கவே முளைக்காது.

"நான் இன்னா பயறா தோண்டறேன்? கறி கருகிச்சின்னா ஷீபா என்னிய பெங்களூருக்கு இஸ்துகினு பூடுவா."

அதன் பிறகு திட்டுவதை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஒருவழியாக வெந்தது. ஓரமெல்லாம் மொறுமொறு, உப்பு கொஞ்சம் கூடுதல். நாலு எலும்பைச் சப்பிவிட்டு, "பரவால்ல, கொழம்பு இல்லாததுதான் பேஜாரு" என்றார். அந்த நேரம் பார்த்து ஷீபா வீடியோவில் கூப்பிட்டாள். தட்டைத் தூக்கிக் காட்டி, "நானே செஞ்சேன் பாப்பா" என்றார், கூசாமல். முப்பத்தைந்து வருடம் பரீட்சையில் காப்பி அடித்தவர்களைப் பிடித்தவள் நான், வாயே திறக்கவில்லை. ஆனால் அவள் உன் மகள் ஆயிற்றே.

"சரிப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம ஃபோன்ல வீடியோவ போட்டு வச்சிட்டு என் கண்ணு முன்னாடி செய்யி. சித்தி கிச்சன் பக்கமே வரக் கூடாது."

வாரம் முழுக்க ஒத்திகைதான் அக்கா. நேற்றுக் காலிக் கூடையை வைத்து பட்டனை அமுக்கிப் பழகச் சொன்னேன். எட்டாவது தரம், "கன்டெய்னர் தூக்கனவன் நானு, என்னாண்ட இதுக்கெல்லாம் பாடமா?" என்று கோபித்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். இவரோடு எப்படி அக்கா நாற்பது வருடம் ஓட்டினாய்?

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கருகல் வாசனை வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அவர் என்ன செய்து கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் தின்பேன். அப்படியும் தோற்றுப்போனால், அவருக்கு ஒரு மறுதேர்வு கொடு என்று உன் மகளிடம் நானே கெஞ்சுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
லில்லி