சந்நிதி நேர்த்தியும் எட்டுக் குளிசையும்

உடுப்பிட்டி,
24 பங்குனி 1993

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பெயரை எழுத இன்னும் கை கூசுகிறது. அதனால் வீட்டில் கூப்பிடுவதையே எழுதுகிறேன். நானும் துளசியும் மாமியும் சுகம். கொழும்பில் உங்களுக்கும் சந்நிதி முருகன் துணை.

வேம்பு பூத்துவிட்டது. மத்தியானக் காற்றுக்குப் பூ உதிர்ந்து தாளில் விழுகிறது. ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதுகிறேன்.

மாமி ஆள் பிடித்து அனுப்பிய கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். நான் பிள்ளைத்தாய்ச்சி என்று எழுதியிருப்பா. அதை வாசித்துச் சிரித்துக்கொண்டு திரிவீர்களே என்று நினைக்க நெஞ்சு நோகிறது. அப்படி ஒன்றும் இல்லையப்பா. நடந்ததைச் சொல்கிறேன், கோபிக்காமல் வாசியுங்கோ.

பொங்கலுக்கு வந்த நீங்கள், சண்டையில் பாதை பூட்டியதால் மாசி முழுக்க நின்றீர்கள். சவர்க்காரப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு வந்த ஆணுறைகள் அதற்கு முதலே முடிந்துவிட்டன. பிறகு நல்ல பிள்ளைகளாய்த்தான் இருந்தோம், கடைசி இரவைத் தவிர. காலையில் உங்கள் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறையும்போதே துளசி பிறந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. இரத்தம் நிற்காமல், டாக்குத்தரின் குரல் தூரத் தூரப் போன நாள். இனி ஒன்று தங்கினால் தாயைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று உங்களிடமும்தானே சொன்னார். இப்போது கரண்டும் இல்லை, ஏற்ற இரத்தமும் இல்லை, வாகனத்துக்கு எண்ணெயும் இல்லை. எனக்குச் சாகப் பயமாய் இருந்தது.

அன்றைக்கே கிளினிக்கில் நேர்ஸ் யசிந்தாவிடம் போய் அழுதேன். குருநகர்க்காரி, ஏசாமல் கதைத்தா. பிள்ளை தங்காமல் நாளாந்தம் போடுகிற மாதக் குளிசை மட்டையிலிருந்தே நாலு எண்ணித் தந்தா, பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இன்னும் நாலு. எல்லா மட்டைக்கும் அதே கணக்கில்லையாம், கேட்டுத்தான் போடவேணுமாம். மூன்று நாளுக்குள் போடவேணும், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லதாம். விழுங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பவும் போடவேணுமாம்.

பிள்ளையை அழிக்கிற மருந்தா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லையாம். சினைமுட்டை வெளிக்கிடுவதைப் பிந்தவைக்குமாம். கிளாலிக் கரையில் படகு வராமல் காத்துக் கிடக்கிற சனத்தைப் போல உங்கள் பக்கத்து ஆட்கள் காத்துக் களைத்துப் போவார்களாம். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது அதை ஒன்றும் செய்யாதாம். நூற்றுக்கு நூறு நிச்சயமும் இல்லையாம், மாதவிலக்குப் பிந்தினால் வந்து காட்டச் சொன்னா.

எட்டையும் போட்டேன். அடுத்த நாள் முழுக்கத் தலைசுற்றும் சத்தியும், நல்லவேளை இரண்டு மணித்தியாலம் தாண்டித்தான். நீங்கள் படகில் இருப்பீர்கள் என்று நினைத்தபடி கிடந்தேன். படுத்திருந்த பாயும் படகு மாதிரி ஆடியது. தண்ணீர் வெள்ளியாய் மினுங்கியது. உங்கள் மடியில் ஒரு குழந்தை, முகம் மட்டும் தெரியவில்லை. எனக்கு ஆசையாய்த்தான் இருந்தது.

கண் விழித்தால் மாமி மாங்காயோடு நிற்கிறா! சத்தி எடுத்ததைக் கண்டு, பேரன்தான் என்று முடிவுகட்டிவிட்டா. எனக்கு நாள் தள்ளவே இல்லை, ஆனால் ஆசை நாள் கணக்குப் பார்க்குமா? நானும் வாய் திறக்கவில்லை. சந்நிதிக்கு நேர்த்தி வைத்து, போன வெள்ளிக்கிழமை பொங்க என்னையும் கூட்டிப்போக வெளிக்கிட்டா. அன்று விடியத்தான் எனக்கு விலக்கு வந்தது. கோயிலுக்கு வர ஏலாது என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

கரு கலைந்துவிட்டது என்று மாமி அழுதா. முட்டையும் நல்லெண்ணெயும் தந்து, துடக்கென்றும் பாராமல் என் காலைப் பிடித்துவிட்டா. அந்தக் கை பட்டதும் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமி எழுந்து போய் முழுகி, அரிசியையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு தனியே தொண்டைமானாற்றுச் சந்நிதிக்கு நடந்தா. இனி இந்த வீட்டில் என் முகத்தில் முழிக்கமாட்டா என்று நினைத்தேன்.

பின்னேரம் வந்தா. நான் முழுகினபிறகு பூசத் திருநீற்றைக் கூரை இறப்பில் செருகினா. நேர்த்தியை நிறைவேற்றிவிட்டாவாம். பிள்ளைதான் இல்லையே, எதற்கு என்று கேட்டேன். மருமகள் உயிரோடை இருக்கிறாள், அது காணாதோ என்று கேட்டா. பிறகு மெல்லமாய், மகன் வரமுதலே அந்த மாதக் குளிசையைத் தொடங்கவேணுமோ, கிளினிக்குக்குத் தானும் கூட வரட்டோ என்றா.

யசிந்தாவும் அதைத்தான் சொன்னா. அவசரத்துக்குப் போட்டதை ஒவ்வொரு முறையும் நம்பக்கூடாதாம். நேற்று மாமியோடு போய் மட்டை வாங்கித் தொடங்கிவிட்டேன்.

உங்கள் ஆசை எனக்குத் தெரியும். படகில் கண்ட குழந்தையை நானும் மறக்கவில்லை. ஆனால் துளசிக்கு நான் வேணும். கோபமென்றால் ஏசியாவது எழுதுங்கோ, எழுதாமல் மட்டும் இருக்காதேயுங்கோ. பாதை திறந்ததும் வாங்கோ. இந்த முறை பயமில்லாமல் உங்கள் பக்கத்தில் படுத்து நித்திரை கொள்ளவேணும்.

உங்கள்,
ஞானாம்பிகை