கண்ணில் விழாத தூசி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். காட்டினால் தம்பியை ஆத்தூருக்கு அனுப்பிவிடுவார். இது என் அம்மாவுக்கு எழுதியது. எடுத்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுங்கள்.

அம்மா,

உன் தலையணையில் இன்னும் கஞ்சி வாசம் இருக்கிறது. தறிப்பட்டறையில் வீணாய்ப்போன துண்டுத் துணியில் நீ தைத்த உறை. எவ்வளவு துவைத்தாலும் தறியின் நீளநூலான பாவுக்குப் போடும் கஞ்சியின் புளிப்பு அதிலிருந்து போகவில்லை. நீ இருந்தபோது எனக்கு அந்த வாசம் பிடிக்காது. உன் சேலையிலும் தலைமுடியிலும் அதே வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இப்போது அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. இன்றைக்கு அப்படியும் வரவில்லை.

தம்பி பக்கத்தில் தூங்குகிறான். அப்பா நைட் ஷிப்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ அங்கே நிற்கிற மாதிரியே இருக்கும். தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, கையால்தான் சாடை. உனக்கு அதுதான் வசதி. தறி ஓட்டிக்கொண்டே வாய்விட்டு ஜெபம் செய்வாய். உன் உதடு அசைவதைப் பார்த்தே யாருக்காகச் செய்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுச் சாவிக்காகப் பட்டறை வாசலில் நின்றேன். திடீரென்று கரண்டு போய், எல்லாத் தறியும் ஒரேயடியாக நின்றது. உன் குரல் மட்டும் நிற்கவில்லை. "ஆண்டவரே, எங்க ஊட்டுக்காரரு வாயில இருக்கற அந்தப் பொகையிலைக் கருமத்தத் துப்ப வையுங்கப்பா!"

பட்டறையே சிரித்தது. பக்கத்துத் தறி அக்கா, "அப்புடியே நம்ம மேஸ்திரி வாய்க்கும் சேத்துக் கேளுங்கக்கா!" என்று கத்தினார். அடுத்த வரிசைத் தறியில் நின்ற அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏம்புள்ள, என்ற மானத்த வாங்கறதுக்குன்னே கரண்டு போகட்டும்னு பாத்துக்கிட்டிருந்தயா?" என்றார். வெளியே போய்த் துப்பிவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பிறகு யாராவது புகையிலை நீட்டினால், "வேண்டாங்க, மேலிடத்துல சொல்லிப்போட்டா" என்பார்.

அந்த அப்பாதான் அம்மா இவர். இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, அவர் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நீ ஒரு நாளும் அவரை உள்ளே வரச் சொன்னதில்லை. ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டதற்கு, "அவரு நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கட்டும் சாமி, அது போதும்" என்றாய். நீ ஈரோட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவராகவே சர்ச்சுக்குள் வந்தார். கடைசி வரிசையில் முட்டி போட்டார். எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல், எல்லோரும் எழுந்த பிறகும் அப்படியே இருந்தார்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு உன் வேதாகமத்தை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். "நானுந்தான் முட்டி போட்டேன். என்ன நடந்துச்சு? இனி இந்த ஊட்டுல அந்தப் பேச்சே வேண்டாம். ஜெபம் கிபம்னு மறுக்காக் கேட்டேன்னு வையி, தம்பியக் கொண்டுபோயி ஆத்தூர்ல அத்தையூட்டுல உட்டுருவேன்" என்றார். அத்தைக்குக் குழந்தை இல்லை. தம்பியை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார். ஆனால் தம்பியும் போய்விட்டால் இந்த வீட்டில் உன்னைப் பற்றிப் பேச எனக்கு யாருமில்லை. உன் பேரைக்கூட அப்பா சொல்வதில்லை.

அதனால் அவர் ஷிப்டுக்குப் போனதும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு இருவரும் ஜெபம் செய்கிறோம். நீ செய்த மாதிரியேதான். "இன்னைக்கு யாரு மொகம் வாடியிருந்துச்சு?" என்று நீ எங்களைக் கேட்பாயே, அதே போல நான் அவனைக் கேட்பேன். வாடிய முகத்துக்கு முதலில், நமக்கு வேண்டியது கடைசியில். முன்பெல்லாம் அவன் தினமும் ஒரு பேர் சொல்வான். பால்காரர் பேர், டீச்சர் பேர், வாலறுந்த நாய்க்குட்டியின் பேர். இப்போது தினமும் ஒரே பதில்: "அப்பா மொகந்தான்."

இன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். தட்டு வந்ததும் தம்பி ஜெபம் செய்யும் பழக்கத்தில் கண்ணை மூடிவிட்டான்.

"கண்ணு எதுக்கு மூடுன?" என்றார் அப்பா.

அவன் என்னைப் பார்த்தான். "தூசி உழுந்துருச்சுங்கப்பா."

அப்பா தட்டை ஒதுக்கி வைத்தார். கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தார். "எங்க, காட்டு சாமி. கசக்காத." இமையைத் தூக்கி ஊதினார். லைட்டுக்கு நேராக முகத்தைத் திருப்பிப் பார்த்து மறுபடியும் ஊதினார். "ஒண்ணையும் காணமே. இன்னும் உறுத்துதா?"

"இல்லீங்கப்பா, போயிருச்சு."

அப்பாவின் சோறு ஆறிப்போயிருந்தது. அதையே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அவன் கண்ணப் பாத்துக்க. செவந்துச்சுன்னா பட்டறைக்கு வந்து சொல்லு" என்றார்.

அவர் போனதும் தம்பி என் காதில் கேட்டான்: "நல்லாச் சொன்னனாக்கா?"

நான் "ம்" என்றேன் அம்மா. அந்த "ம்"தான் என்னைத் தூங்க விடவில்லை.

குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்து துணியில் பழுது விழுந்தால், நீ அந்த இடத்தின் ஓரத்தில் சிவப்பு நூலை முடிந்து வைப்பாய். மடிப்பவர் கண்ணில் படட்டும் என்று. கூலியில் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் செய்வாய். "மடிப்புக்குள்ள போயிருச்சுன்னா யாருக்குங்கக்கா தெரியப்போகுது?" என்று கேட்பார் பக்கத்துத் தறி அக்கா. "எனக்குத் தெரியுமில்ல?" என்பாய். அவ்வளவுதான். அதற்கு வேத வசனம் எதுவும் சொல்லமாட்டாய். என் தலையைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பாய்.

நான் தம்பிக்கு ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ என்னைப் பார்த்து ஒளித்து மறைப்பதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். "சின்னப் புள்ளைக்கு நாம சொல்றது கேக்காது, செய்யறதுதான் கேக்கும்" என்று நீ சொன்னது எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால் அவன் நாளைக்கும் ஒரு தூசி கண்டுபிடிப்பான், அப்பா நாளைக்கும் ஊதுவார். நீ இருந்தால் உன் மடியில் படுத்துக்கொண்டு கேட்பேன். கேட்க யாருமில்லை அம்மா. சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் அக்காவிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன்னைப் போல எனக்குத் தைரியம் கிடையாது. உன்னிடமிருந்து என் கையில் இருப்பது அந்த ஒரு கேள்விதான், யார் முகம் வாடியிருந்தது என்று கேட்பது. இன்றைக்குத் தம்பி சொல்லும் முன்பே நானே பதில் சொன்னேன், அப்பா முகம் என்று. அவருக்குத் தெரியாமல் அவருக்காகவே இத்தனை நாள் ஜெபம் செய்திருக்கிறோம். தெரிந்தால் கோபப்படுவாரா, அழுவாரா?

கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருக்கிறதே. அப்பாவின் குரல்தான். "சாமி, தம்பி கண்ணு எப்புடி இருக்குது? உறுத்தல் நின்னுருச்சா?"

தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்க்கிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் நானே, தூசி எதுவும் விழவில்லை என்று