ஊசி, திருநாள் கழித்து

டிசம்பர் 14, ஞாயிறு

பனி. முதல் பூசைக்குப் போகையில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. சாமியார் பிரசங்கத்தில் ஒரு வேலை வைத்துவிட்டார்: திருநாள் வரை தினமும் சர்வேசுரனுக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டுமாம். வாயால் சொன்னால் எனக்கு நிற்காது. பள்ளிக்கூடத்து மிச்ச நோட்டு ஒன்று கிடக்கிறது, இதில் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை:
அதிரசத்துக்குப் பச்சரிசி.
குடிலுக்கு மூங்கில், காகிதம், பசை.
இவர் சட்டைக்குப் பொத்தான். (கூட்ஸ் ஷெட் கிளார்க்குக்கு மாதம் ஒரு பொத்தான் எங்கே போகிறதோ.)
பழம்புடவை கிழித்துத் துவைத்து வைக்க. மகள் லூர்துக்கு மாதம் நிறைந்தாயிற்று. தலைப்பிரசவம். மாப்பிள்ளை போத்தனூரில், திருநாளுக்கும் லீவு கிடையாதாம்.

கோவில் வாசலில் பெண்கள் பேச்சு: "மண்டியில எலி செத்து விழுதாம்." "சும்மா இருடீ, நல்ல நாளும் அதுவுமா."

நன்றி: லூர்து இன்று இரண்டு இட்லி கூடவே தின்றாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்தை முன்னதாகவே மூடச் சொல்லி உத்தரவு. பிள்ளைகள் ஓ என்று கத்தின. எதற்கு மூடுகிறோம் என்று கேட்டேன். போன வாரம் நடத்திய பாடம்தான். "எலி செத்தா அதுமேல இருக்கிற தெள்ளுப்பூச்சி மனுஷனைத் தேடி வரும் டீச்சர், அது கடிச்சா பிளேக்கு." ஒரே குரலில் ஒப்பித்துவிட்டு ஓடிவிட்டன.

சாயங்காலம் எதிர்வீட்டு அரிசி வியாபாரியின் சம்சாரம் முறத்தில் எதையோ சாம்பல் போட்டு மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். என்னைப் பார்த்ததும், "வெறும் குப்பை டீச்சரம்மா." குப்பைக்கு வால் இருந்தது.

பிளேக் ஊசி. இவர் போன வாரமே போட்டுக்கொண்டார். கை தலையணை மாதிரி வீங்கி, ஜுரத்தில் முனகிக்கொண்டு கிடந்தார். லூர்துக்குப் பிரசவம் ஆன பிறகுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை இன்று இவரே இழுத்துக்கொண்டு போனார். நான் கையை நீட்டவில்லை. கை வீங்கிப் படுத்துக்கொண்டால் மாவு இடிப்பது யார்? வலி எடுத்தால் பிள்ளையைப் பார்ப்பது யார்?

கம்பவுண்டர்: "அப்ப எப்பம்மா வருவீங்க?"
"திருநாள் கழிச்சு. வெள்ளிக்கிழமை. எழுதிக்கோங்க."
"எலிக்குத் திருநாள் தெரியுமாம்மா?"

வாய்க்கொழுப்பு. வரும் வழியெல்லாம் இவர், "போட்டுட்டே வந்திருக்கலாம் ரோசு" என்று பத்துத் தடவை. எனக்குக் கோபம் வந்து முன்னால் நடந்துவிட்டேன்.

நன்றி: ஒன்றும் தோன்றவில்லை. நாளை சேர்த்து எழுதுகிறேன்.

டிசம்பர் 17, புதன்

காலையில் தமுக்கு. எங்கள் தெரு முழுக்கக் காலி செய்ய வேண்டுமாம், வெயில் இறங்க ஓட்டைப் பிரிப்பார்களாம். தமுக்குச் சத்தம் ஓயவில்லை, எங்கள் அடுப்படியில் ஒரு எலி. பட்டப்பகலில், மனுஷரைக் கண்டு பயப்படாமல், கள்ளுக் குடித்தவன் மாதிரி நடந்து வந்து அம்மிக்கல் பக்கத்தில் விழுந்தது. லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். இந்தப் பிள்ளையை இந்த வீட்டில் இனி ஒரு ராத்திரி வைக்கமாட்டேன் என்று நினைத்தேன்.

சங்ககிரி ரோட்டில் ஒரு கவுண்டர் இவருக்குப் பழக்கம், கடலைக்காய் மூட்டை ரயிலில் போட வருகிறவர். அவர் காட்டில் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் போட்ட சாளை ஒன்று இருக்கிறதாம். வந்து இருங்கள் என்றாராம். மாட்டு வண்டி பிடித்தோம். எடுத்தவை: பாய், பாத்திரம், அரிசி, வெல்லம், மாதா படம், பழந்துணி, இந்த நோட்டு.

பாதி வழியில்தான் நினைவு வந்தது. சேசுபாலன் சுரூபத்தை விட்டுவிட்டேன். பரண்மேல் சோப்புப் பெட்டியில், வைக்கோலுக்குள். என் அம்மா கொடுத்தது. திருநாளுக்குத் திருநாள் குடிலில் நான்தான் வைப்பேன், எனக்கு முன்னால் அம்மா வைத்தாள். திரும்புங்கள் என்றேன். இவர் திரும்பவில்லை.

நன்றி: வண்டி. வண்டிக்காரன் மேடு பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டினான். (நேற்றைக்கும் சேர்த்து.)

டிசம்பர் 18, வியாழன்

காடு. கம்பந்தட்டை, பனைமரம், ஒரு கிணறு. கவுண்டர் சம்சாரம் செல்லாயி நல்ல மனுஷி. எங்களுக்கு முன்னாலேயே வந்து சாளையைக் கூட்டிச் சாணி போட்டு வைத்திருக்கிறாள்.

"மாட்ட அக்கட்டால கட்டிப்போட்டனுங்க வாத்தியாரம்மா. புள்ளத்தாச்சி இங்கயே படுக்கட்டுமுங்க."
"எங்களால உங்களுக்குத்தான் சிரமம்."
"என்னுங்க சிரமம்? எங்கூட்டுக்கு வந்தா எங்கூட்டுப் புள்ளைங்க." லூர்திடம், "நீ உக்காரு சாமி. பயப்படாத கண்ணு."

இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பெத்லகேம் மாதிரியே இருக்கில்ல ரோசு?" பெத்லகேமில் கூரை ஒழுகியிருந்தால் சூசையப்பர் ஓலை கொண்டுவந்து போட்டிருப்பார், நீங்களும் போங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

பேர் விஷயமாகச் சண்டை. ஆண் பிள்ளையானால் இவர் அப்பா பேர் சவரிமுத்து என்கிறார். என் அப்பா பேர் இன்னாசிக்கு என்ன குறைச்சல்? இவர் விடமாட்டார். நானும் விடமாட்டேன்.

நன்றி: இங்கே எலி இல்லை. நானே மூலை மூலையாகப் பார்த்தேன்.

டிசம்பர் 20, சனி

போய்விட்டு வந்தேன். இவர் வேலைக்குப் போனதும் செல்லாயியைப் பிள்ளைக்குத் துணை வைத்துவிட்டு டவுனுக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டேன். சேசுபாலன் இல்லாமல் எனக்குத் திருநாள் இல்லை. அவ்வளவுதான்.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எங்கள் வீட்டு ஓட்டைப் பாதி பிரித்திருந்தார்கள், அடுப்படியில் வெயில் அடித்தது. நம் வீடா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்தால் வைக்கோலுக்குள் செத்த எலி. சுரூபத்தின் காலடியில், தூங்குகிற மாதிரி சுருண்டு.

இறங்கி வந்திருக்க வேண்டும். வகுப்பில் பாடம் சொன்னவள்தானே. எலியை வாலைப் பிடித்து எறிந்தேன். சுரூபத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டேன். இறங்கும்போது கணுக்காலில் சுருக் சுருக்கென்றது. தெள்ளுப்பூச்சி. தட்டிவிட்டேன்.

காட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளித்துப் புடவையை அங்கேயே கொளுத்தினேன். சுரூபத்தை வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் கழுவினேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சுண்டுவிரல் உடைந்து, அதே சிரிப்பு. லூர்து பார்த்ததும் அழுதாள். எலியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

நன்றி: சேசுபாலன் வந்துவிட்டார்.

டிசம்பர் 22, திங்கள்

இவர் டவுனிலிருந்து கொண்டுவந்த செய்தி: எதிர்வீட்டு அரிசி வியாபாரியின் சம்சாரம் போய்விட்டாள். முறத்தை வைத்துக்கொண்டு நின்ற அந்த முகமே கண்ணில் நிற்கிறது. கோவிலும் பூட்டு. நடுச்சாமப் பூசை கிடையாது. டவுனை விட்டு ஜனங்கள் ஒதுங்கியிருக்கிற இடங்களுக்கு, கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சாமியார் பூசை வைக்கிறாராம். திருநாளன்று நம் பக்கம் வருவாராம்.

எனக்குச் சர்வேசுரன்மேல் கோபம். கேட்டேவிட்டேன், உன் பிறந்தநாளைக்கு நீயே கோவிலைப் பூட்டிக்கொள்வாயா என்று. பதிலுக்குச் செல்லாயிதான் உலக்கையோடு வந்தாள்.

"அரிசிய ஊறப்போட்டு வச்சிருக்கறீங்க, மாவு இடிக்க வேண்டாமுங்களா? வாங்க வாத்தியாரம்மா."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி உலக்கை போட்டோம். அவள் மாமியாரைப் பற்றிச் சொன்ன கதைக்கு நான் உரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஊரில் சாவு விழுகிறது, இங்கே உட்கார்ந்து சிரிக்கிறேனே என்றிருந்தது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. எத்தனையோ நாள் கழித்து நெஞ்சு லேசாக இருந்தது.

கணுக்காலில் கடித்த இடம் அரிக்கிறது. கொசுவாகவும் இருக்கும்.

நன்றி: செல்லாயி. மாவு நன்றாக வந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

பிறந்துவிட்டான்! ஆண். வெயில் நன்றாக ஏறின பிறகு.

விடியும்போதே வலி. செல்லாயி முதுகைத் தாங்கினாள், நான் காலடியில். லூர்து ஒரு கட்டத்தில், "அம்மா, என்னால முடியலம்மா, மாதாகிட்டச் சொல்லும்மா" என்றாள். பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்ல எனக்கு நடுவில் மறந்துபோய்விட்டது. ஆயிரம் தடவை சொன்ன மந்திரம். அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தாள்.

அப்புறம் அழுகை. அடேயப்பா, என்ன தொண்டை. மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. இவர் வெளியே பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், கவுண்டர் சொன்னார்.

குளிப்பாட்டி என் மடியில் போட்டார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. எனக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். சந்தோஷம், சந்தோஷம், சந்தோஷம். எழுத வேறு வார்த்தை வரவில்லை, வாத்தியாரம்மா என்று பேர் மட்டும்.

நன்றி: எல்லாவற்றுக்கும்.

டிசம்பர் 24, புதன்

அதிரசம் சுடும்போது தலைவலி. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். மத்தியானம் குளிர் எடுத்து உதறியது. எழுந்து நின்றால் தரை நழுவுகிறது. அன்றைக்கு அந்த எலி நடந்ததே, அது நினைவு வந்தது.

மறைவாகப் போய்ப் பார்த்தேன். இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. புளியங்கொட்டை அளவு. தொட முடியவில்லை.

நேற்று அவனை மடியில் வைத்திருந்தேனே, சேசுவே, நேற்று எனக்கு ஒன்றும் இல்லையே.

யாரையும் தொடாமல், சுரூபத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பாயை இழுத்துக்கொண்டு கிணற்று மேட்டுப் புளியமரத்தடிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்தே கத்திச் சொன்னேன். எலியையும் சொன்னேன். லூர்து எழுந்து வரப் பார்த்தாள். வந்தால் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று மிரட்டி உட்காரவைத்தேன். சர்வேசுரன் மன்னிக்கட்டும், அது பொய்தான். செல்லாயிக்கு மட்டும் ஒரு வார்த்தை: "ஊட்டுக்குப் போயிடுங்கம்மா, உங்களுக்கும் புள்ளைங்க இருக்கு." அவள் பேச்சே எனக்கும் வந்துவிட்டது. அவள் போகவில்லை.

"நான் புள்ளகிட்ட இருக்கறனுங்க. நீங்க கவலப்படாதீங்க சாமி."

இவர் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. சுற்றி ஓலைத் தட்டி கட்டினார். தனக்கு ஊசி போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று வாசற்படி மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். திட்டினேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது.

நன்றி: இவர்.

டிசம்பர் 25, வியாழன். திருநாள்.

வெயில். பென்சில் நழுவுகிறது.

டாக்டர் வந்தார். பார்த்தார். மாத்திரை கொடுத்தார். இவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

சாமியார் வந்தார். வண்டியில் பலகை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, அதுவே பீடம். கவுண்டர் வீட்டார் எல்லாரும் தள்ளி நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியிலிருந்தே பூசை கண்டேன். என் ஆயுசில் இப்படி ஒரு பூசை கண்டதில்லை. காற்று, மாட்டு மணி, உள்ளேயிருந்து பிள்ளை அழுகை.

பிறகு எனக்கு அவஸ்தைப்பூசுதல், சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுப்பது. நெற்றியில் எண்ணெய் குளிர்ந்தது.

"பயமா இருக்காம்மா?"
"இருக்கு சாமி. ரொம்ப."
"ஜெபம் பண்ண முடியுதா?"
"பாதி மறந்துபோகுது. நீங்க சொன்ன நன்றி மட்டும் வருது. மூணு நாள் தவிர தினமும் எழுதினேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைகளைக் கழுவிக்கொண்டு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போனார். சாளையிலிருந்து இவர் குரல்: "இன்னாசின்னு பேர் வச்சாச்சு ரோசு!" நான் கேட்காமலே விட்டுக்கொடுத்திருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று அப்போது தெரிந்தது.

குடில் போட்டிருக்கிறார்கள். சுரூபம் இங்கே என்னோடு இருக்கிறது, கொடுக்கமாட்டேன், இனி அதை யாரும் தொடக்கூடாது. குடிலுக்கு வைத்த மாட்டுத் தொட்டி காலி. லூர்து பிள்ளையை அதில் கிடத்தப் போனாள். "வைக்கோல்ல போடாதடீ, தெள்ளுப்பூச்சி!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ. லூர்து பயந்துபோய்ப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்புறம் வாசலுக்கு வந்து, வெயிலில், இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

நாளை வெள்ளி. கம்பவுண்டர் எழுதி வைத்திருப்பான்.

நன்றி: கண் இன்னும் தெரிகிறது. இன்னாசி இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருக்கிறான். கை வலிக்கும், இறக்குடீ என்றேன். இறக்கவில்லை