சீருடையில் ஒரு போட்டோ

கேளம்பாக்கம்,
ஜனவரி 18

அன்புச் சகோதரி எல்லம்மாளுக்கு,

வணக்கம். வழுக்கி விழுந்த கால் தேறிவிட்டதா? நான் உங்கள் மகள் பொன்னியின் பிளஸ் டூ வகுப்பு டீச்சர், கல்யாணி. உங்கள் பக்கத்து வீட்டு ஞானதாஸ் அண்ணன் நீங்கள் வேலை பார்க்கும் மஸ்கட்டுக்கே திரும்புவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள் என்று பொன்னி சொல்லியிருக்கிறாள். அதனால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

தினமும் காலையில் யூனிஃபார்மில் உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்புகிறாள் அல்லவா? அனுப்பிய பிறகு யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குத் தட்டு கழுவப் போகிறாள். நீங்கள் விழுந்து, சம்பளம் நின்றதிலிருந்து இப்படித்தான். உங்களிடம் சொல்ல வேண்டாமென்று கெஞ்சினாள். சொல்லிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "அம்மா அங்க ஒண்டியா கஷ்டப்பட்டுகினு கீது மிஸ். சித்தி வூட்ல எத்தினி நாளைக்கு சும்மா துன்றது?" என்றாள்.

படித்தால் வேலை நிச்சயம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. போன வருடம் நல்ல மார்க் வாங்கிய முனிசாமி பொத்தேரியில் டிபன் கடையில் நிற்கிறான். என்னைப் பார்த்தால் ஓடிவந்து வணக்கம் சொல்கிறான். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறேனோ என்று வீடு திரும்பும் பஸ்ஸில் பல நாள் நினைத்ததுண்டு.

போன வாரம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பொன்னி பெயரைக் கூப்பிட்டேன். அவள் தோழி ஜெனிஃபர் "உள்ளேன் மிஸ்" என்றாள். இதென்ன விளையாட்டு என்று அதட்டினேன்.

"நெதம் யூனிஃபார்ம இஸ்திரி போட்டு வெக்கிறா மிஸ். இடுப்புக்கு மேல எடுக்கிற போட்டோவுக்கு யாரு பாவாடை மடிப்பெல்லாம் பாத்துப் பாத்து தேய்ப்பா? வருவா. பேர மட்டும் அட்ச்சிடாதீங்க."

வழக்கமாகக் கேலி செய்யும் வகுப்பு அன்று சிரிக்கவில்லை. ஆப்சென்ட் என்றுதான் போட்டேன். ஆனால் ரெஜிஸ்டரில் பெயரை அடிக்கவில்லை.

பிப்ரவரியில் பிராக்டிகல் தேர்வு. நான் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். இந்த மாதம் உங்களுக்குச் சம்பளம் வந்துவிட்டதாக அண்ணன் சொன்னார். அதை அவளிடம் சொல்லித் தைரியம் கொடுங்கள். திட்டாதீர்கள், அழவும் வேண்டாம். அடுத்த போட்டோ வந்ததும், அதே துணியோடு அப்படியே பள்ளிக்கூடம் போ என்று உங்கள் குரலில் சொல்லி அனுப்புங்கள். அது போதும்.

உங்கள் கால் முழுசாகக் குணமாகட்டும். பத்திரமாக இருங்கள். நாளைக்கும் அவள் பெயரைக் கூப்பிடுவேன்.

அன்புடன்,
கல்யாணி